கக்கத்தில் ஒரு வெளிச்சம்

சாய்ந்தமருது
14.09.2008

அன்புத் தம்பி ஸைனுலாப்தீனுக்கு ராத்தா றுகையா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

வாப்பாவும் மகள் றஸ்னாவும் நானும் அல்லாஹ்வின் கிருபையால் இருக்கிறோம். உன்னையும் சுகமாக வைக்கும்படி ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். சிங்கப்பூரில் நோன்புக் கஞ்சி கிடைக்கிறதா, அல்லது பேரீச்சம்பழத்தோடு சமாளிக்கிறாயா?

ஃபோன் இருக்க ஏன் கடிதம் என்று நீ கேட்டாய். உன் அழைப்பு வந்தால் வீடே கூடிவிடுகிறது. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு எல்லோரும் கேட்கிறார்கள். நான் என்னத்தைக் கதைப்பது? கடிதம் என்றால் நினைத்ததை எழுதலாம், வேண்டாததை விடலாம். வாப்பாவுக்கு இப்போது பகலும் நிழலாகத்தான் தெரிகிறது. மஃரிப் தொழுகைக்குப் பிறகு றஸ்னா உன் கடிதங்களை உரத்து வாசிக்கிறாள். சாய்மனைக் கதிரையில் இருந்தபடி வாப்பா, "இன்னொருக்கா வாசி புள்ள" என்கிறார். நீ அங்கே என்ன வேலை செய்கிறாய் என்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. உயிரியல் படிக்கிறேன் என்று தலைநிமிர்ந்து திரியும் உன் மருமகளுக்குத்தான் கொஞ்சம் விளங்குகிறதாம்.

உன் மச்சான் காலிதீன் போய் இந்த வருஷத்தோடு நாலு வருஷம். கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனவர். ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டியில் மூச்சோடு கிடந்ததைக் கண்டேன் என்று அயல்வீட்டு மீராமுகைதீன் காக்கா சத்தியம் பண்ணினார். அதனால்தான் புருஷனைப் பறிகொடுத்த மற்றப் பெண்கள் எல்லோரும் அந்த வருஷமே வெள்ளை உடுத்து இத்தா இருந்தபோது நான் இருக்கவில்லை. காணாமல் போனவரின் மனைவி நாலு வருஷம் பார்த்திருக்கட்டும் என்று மௌலவியும் சொன்னார். இனித் தீர்ப்புக் கேட்டுக் காதியாரிடம் போக வேண்டும்.

வலது கைக்கு அடியில், கக்கத்தில், ஒரு கட்டி போல இருக்கிறது. வலி இல்லை. நோன்பு முடியட்டும், பார்ப்போம்.

உன் ராத்தா
றுகையா


சிங்கப்பூர்
10.10.2008

அன்பு ராத்தா, வஅலைக்குமுஸ்ஸலாம். நான் நல்ல சுகம். பெருநாளன்று இங்கே எல்லாம் கிடைத்தது, உங்கள் கையால் செய்த வட்டிலப்பம் மட்டும் கிடைக்கவில்லை. வாப்பாவின் கண்ணுக்குச் சொட்டு மருந்து ஒழுங்காக விடுகிறீர்களா?

என் வேலையைக் கேட்டீர்கள். சின்ன வயதில் கரண்ட் போனால் டோச் லைட்டை உள்ளங்கைக்கு அடியில் பிடித்து விளையாடுவோமே, விரலெல்லாம் சிவப்பாகத் தெரியும். மற்ற நிறங்களையெல்லாம் சதை விழுங்கிவிடுகிறது, சிவப்பு மட்டும் தப்பி வருகிறது. சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் இருக்கிறது. அது இன்னும் ஆழத்திலிருந்து தப்பி வரும். அந்த வெளிச்சத்தை விடும் துகள்களைத்தான் நாங்கள் செய்கிறோம். ஒரு தலைமயிரின் தடிப்பில் ஆயிரக்கணக்கில் அடுக்கலாம்.

சுண்டெலி ஒன்றின் நெஞ்சுப் பக்கத்தில் ஒரு கட்டியை வளர்ப்போம். கெட்ட கட்டி என்றால், அது உடம்பில் பரவப் புறப்படும்போது முதலில் போய்ச் சேருவது முன்னங்கால் கக்கத்தில் உள்ள நிணநீர் நெறிக்கு. எங்கள் துகள்களை ஊசியால் ஏற்றினால் அவையும் அதே வழியில் போய் அங்கே நின்று எரியும். கமராவில் பார்த்தால் தோலுக்கு உள்ளே ஒரு விளக்கு. எதை வெட்டுவது, எதை விடுவது என்று வைத்தியருக்குத் தடவிப் பார்க்கத் தேவையில்லை. வாப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: உங்கள் மகன் எலிக்கு உள்ளே விளக்கு வைக்கிறான்.

ராத்தா, உங்கள் கட்டி எவ்வளவு பெரியது? எத்தனை நாளாக? பெருநாளும் முடிந்துவிட்டது. டொக்டரிடம் காட்டினீர்களா?

தம்பி
ஸைனு


சாய்ந்தமருது
18.11.2008

அன்புத் தம்பிக்கு அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே மழை விடாமல் பெய்கிறது. வீட்டுத்திட்டத்தில் கட்டித் தந்த வீடு மூன்று இடத்தில் ஒழுகுகிறது. வாப்பாவின் கட்டிலை இழுத்து இழுத்து என் கை சோர்ந்துவிட்டது.

எலிக்குள் விளக்கு என்று வாசித்ததும் வாப்பா சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். "எலிக்கி எதுக்கு விளக்கு, அது இருட்டுலதானே ஓடும்" என்றார். றஸ்னா அந்தக் கடிதத்தைத் தன் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள்.

எனக்கு ஒரு சந்தேகம். பார்த்து முடிந்த பிறகு அந்த எலிகளை என்ன செய்வீர்கள்? வெளியில் விட்டுவிடுவீர்களா?

காதியார் மீராமுகைதீன் காக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார். காக்கா அழுதுகொண்டு, "கண்டது காலிதீன்தானா எண்டு இப்ப எனக்கே தெரியல்ல றுகையா" என்றார். நாலு வருஷம் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அம்பாறை, கண்டி என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவள் நான். அவர் மேல் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. தீர்ப்பு புது வருஷத்தில் சொல்வாராம்.

கட்டியைப் பற்றி முன்பே எழுதினேன். கக்கத்தில்தான். சின்ன விஷயம்.

ராத்தா


சிங்கப்பூர்
20.12.2008

அன்பு ராத்தா, அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் நன்றாகக் கழிந்ததா? எனக்குத் தடிமன், வேறு குறை இல்லை.

நல்ல செய்தி. இந்த மாதம் எங்கள் துகள்கள் முன்பு எட்டாத ஆழத்திலிருந்தும் தெரிந்தன. பேராசிரியர் எழுந்து நின்று கை தந்தார். ஒரு படம் அனுப்புகிறேன். கறுப்பாகத் தெரிவது எலி. கக்கத்தில் வெள்ளையாகத் தெரிவது எங்கள் வெளிச்சம். நிறம் நாங்கள் போட்டதுதான், கண்ணால் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. றஸ்னாவிடம் கொடுங்கள், சுவரில் ஒட்டட்டும்.

நீங்கள் சின்ன விஷயம் என்று எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. கக்கத்தில் வரும் கட்டி சில வேளை அங்கேயே பிறந்ததாக இருக்காது. அதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கல்முனையில் பெண் டொக்டர் இருப்பார். இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே போங்கள்.

தம்பி
ஸைனு


சாய்ந்தமருது
15.01.2009

அன்புத் தம்பிக்கு ஸலாம். உன் தடிமன் போயிருக்கும். கொத்தமல்லி அவித்துக் குடி.

உன் மச்சான் உயிரோடு இல்லை என்று காதியார் போன வாரம் தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து நான் இத்தாவில் இருக்கிறேன். வெள்ளை உடுத்து, உள் அறையில். உன் கடிதம் வந்ததற்கு முதல் நாள்தான் தொடங்கியது. ஒரு நாள் முந்தியிருந்தால் போயிருப்பேனோ என்னவோ.

வாப்பா மௌலவியை வரவழைத்தார். திரைக்கு வெளியில் நின்று அவர், "வருத்தம் எண்டா டொக்டருட்டப் போகலாம் தங்கச்சி. மார்க்கம் ஒருக்காலும் தடுக்கல்ல" என்று தெளிவாகவே சொன்னார். அதனால் மார்க்கத்தின் மேலோ மௌலவியின் மேலோ நீ கோபப்படாதே. போகாதது என் முடிவு.

ஏன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். உன் மச்சானைக் குளிப்பாட்டவில்லை. கபன் துணி போடவில்லை. அடக்கிய கப்று இல்லை. இருபது வருஷம் ஒன்றாக இருந்த மனிதனுக்கு நான் செய்யக்கூடியது இந்த நாலு மாதமும் பத்து நாளும் மட்டும்தான். அதிலே ஆஸ்பத்திரி வரிசையில் நின்று ஒரு நாளைக் கழிக்க எனக்கு மனம் வரவில்லை. நாலு வருஷம் அவரை உயிரோடு வைத்திருந்தேன். இப்போதுதான் அவருக்காக அழத் தொடங்கியிருக்கிறேன். முழுதாக அழுதுவிட்டு வருகிறேன், இரு.

வானொலியில் வடக்கில் நடக்கும் சண்டையைத்தான் சொல்கிறார்கள். காரைதீவுப் பக்கம் வீதியெல்லாம் சோதனை.

படத்தைப் பார்த்தேன். அழகாக இருக்கிறது. அந்த எலி இப்போது எங்கே?

ராத்தா


சிங்கப்பூர்
16.02.2009

அன்பு ராத்தா, அஸ்ஸலாமு அலைக்கும்.

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை, நலமா என்பதுதான் என் கேள்வியே. இந்தக் கடிதத்தை வாப்பாவுக்கு வாசிக்க வேண்டாம். நீங்கள் மட்டும் பாருங்கள்.

போன ஞாயிறு ஃபோனில் கேட்டேன். "ஒண்ணுமில்ல தம்பி, நல்லாரிக்கன்" என்றீர்கள். பின்னால் வாப்பாவின் செருமலும் கேட்டது. அங்கே வைத்து நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

உம்மா மௌத்தான பிறகு என்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவர் நீங்கள். உங்களிடம் இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, கேட்கிறேன். கட்டி முதலில் வந்தது கக்கத்திலா? அல்லது வேறு இடத்தில் வந்து, பிறகு கக்கத்தில் வந்ததா? இடத்தின் பெயரை எழுத வேண்டாம். முதலாவதா இரண்டாவதா என்று மட்டும் எழுதுங்கள். எனக்கு விளங்கும். நான் தினமும் பார்ப்பது அதைத்தான்.

நீங்கள் மச்சானுக்காக இருப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ராத்தா, றஸ்னாவுக்கு ஒரு உம்மாதான் இருக்கிறார்.

தம்பி
ஸைனு


சாய்ந்தமருது
22.03.2009

அன்புத் தம்பிக்கு அஸ்ஸலாமு அலைக்கும். இது றஸ்னாவின் எழுத்து. வலது கை வீங்கியிருக்கிறது, பேனை பிடிக்க முடியவில்லை. கட்டிலை இழுத்ததால் நரம்பு பிசகியிருக்கும், உன் மச்சானின் தங்கச்சி பரீனா எண்ணெய் பூசுகிறாள். பயப்படாதே.

நீ கேட்டதற்கு என்ன பதில் சொல்வது? நீ ஆண் பிள்ளை, என் தம்பி. உன் கூடப் படித்தவர்களின் சகோதரிகள் இதையெல்லாம் எழுதுவார்களோ தெரியாது. எனக்கு வராது. இத்தா முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். மே நடுவில் முடிந்ததும் முதல் வேலையாகக் கொழும்புக்குப் போவேன். வாக்குத் தருகிறேன்.

எலிகளைப் பற்றிக் கேட்டேன், அதற்கும் நீ பதில் எழுதவில்லை. மறந்துவிட்டாய் போல.

ராத்தா

மாமா, இது றஸ்னா. உம்மா தொழுகைக்கு ஒழுச் செய்யப் போயிருக்கிறார், வருவதற்குள் எழுதுகிறேன். நீங்கள் உம்மாவுக்கு மட்டும் எழுதிய கடிதத்தை நான் எடுத்து வாசித்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள். கை தூக்க முடியாததால் இப்போது உம்மாவை நான்தான் குளிக்க வார்க்கிறேன். பாவாடையை மார்புக்கு மேலே கட்டிக்கொண்டுதான் குளிப்பார். போன கிழமை அது அவிழ்ந்துவிட்டது. உம்மா உடனே திரும்பிக்கொண்டார். ஆனால் கண்டுவிட்டேன். உங்கள் பதில் இரண்டாவது, மாமா. எலிக்கு நீங்கள் கட்டி வளர்த்த அதே பக்கம். தோல் உடைந்திருக்கிறது. உம்மா பஞ்சு வைத்து மறைக்கிறார். ஆகக் குறைந்தது ஒரு வருஷமாவது இருக்கும் என்று நினைக்கிறேன்.


சிங்கப்பூர்
06.04.2009

ராத்தாவுக்கும் றஸ்னாவுக்கும்.

றஸ்னா, நீ எழுதியது நல்லது. ராத்தா, அவளைத் திட்ட வேண்டாம்.

நான் சுற்றி வளைக்கவில்லை. இது புற்றுநோய். கக்கத்துக்கு வந்துவிட்டது. கை வீங்குவது நரம்பால் அல்ல, நெறிகள் அடைபட்டதால். எண்ணெய் பூச வேண்டாம். கொழும்புப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டருக்கு என் நண்பன் சொல்லி வைத்திருக்கிறான். நாளைக்கே போங்கள். மச்சான் இருந்திருந்தால் உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருப்பார். அவரை நினைத்தாவது போங்கள்.

அழுதுகொண்டுதான் எழுதுகிறேன். வாப்பாவுக்கு என்ன சொல்வது என்பதை உங்களிடமே விடுகிறேன்.

ஸைனு


சாய்ந்தமருது
27.05.2009

அன்பு மாமாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடம்பு சுகத்துக்கு மூத்தவாப்பா துஆச் செய்கிறார். உம்மா சொல்லச் சொல்ல எழுதவில்லை. நானாகவே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைக் காட்டி உம்மாவிடம் கெஞ்சினேன். இரண்டு நாள் சாப்பிடாமலும் இருந்து பார்த்தேன். "இவ்வளவு காலம் பொறுத்தது, இன்னும் ஒரு மாசம்தானே புள்ள" என்றார். இத்தா முடிந்த மறுநாள் வெள்ளையைக் கழற்றி, என் வாப்பா கடைசியாக வாங்கிக் கொடுத்த நீலச் சாரியை உடுத்தார். பத்தொன்பதாம் திகதி பஸ் ஏறினோம்.

அன்றைக்குத்தான் சண்டை முடிந்தது என்று நாடெல்லாம் கொண்டாட்டம். மகியங்கனைப் பாதையில் ஊருக்கு ஊர் பஸ்ஸை மறித்தார்கள். வெடி கொளுத்தினார்கள், கொடி கட்டினார்கள். ஜன்னலால் கையை நீட்டி எல்லோருக்கும் பாற்சோறு தந்தார்கள். எங்களுக்குப் பக்கத்தில் காரைதீவைச் சேர்ந்த சுந்தரம்மா என்ற அம்மா இருந்தார். மகனைத் தேடி விசாரிக்கப் போகிறாராம், படம் ஒன்றை மடியில் வைத்திருந்தார். அவர் கையிலும் பாற்சோற்றை வைத்தார்கள். தின்னவும் முடியாமல் எறியவும் பயந்து அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். உம்மா அதை வாங்கித் தன் கைலேஞ்சித் துணியில் சுற்றி வைத்துக்கொண்டார். "புள்ளைட மையத்த, உடம்பக் கண்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று அவர் தலையாட்டினார். "அப்ப தேடுங்க. ஆனா உங்களயும் பாத்துக்கங்க" என்றார் உம்மா. பிறகு இரண்டு பேரும் கொழும்பு வரும் வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பெண் டொக்டர் நல்லவர். எல்லாம் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தெரிந்த கொஞ்சத் தமிழில், "ஏன் மகள் இவ்வளவு லேட்?" என்றார். ஈரலுக்கும் எலும்புக்கும் போய்விட்டதாம். வெட்டிப் பிரயோசனமில்லை. வலிக்கு மருந்து தந்தார்கள், வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். டொக்டரின் மேசைக்கு முன்னால் அழக்கூடாது என்று இருந்தேன். அழுதுவிட்டேன்.

கீழே உள்ளது உம்மா எழுதியது.

தம்பி, இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறிய மாதிரி இருக்கும், சிரிக்காதே. எலிகளை என்ன செய்வாய் என்று கேட்டேன். நீ சொல்லவில்லை. அதிலேயே விளங்கிவிட்டது. நீ கட்டி எங்கே என்று கேட்டாய். நான் சொல்லவில்லை. அதிலேயே உனக்கும் விளங்கியிருக்கும். ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். உன் வெளிச்சத்தை நம்பிக் காத்திருந்தேன் என்று நினைத்து மனம் நோகாதே. நான் காத்திருந்தது வேறு ஆளுக்கு. றஸ்னாவைப் படிக்க வை.


சிங்கப்பூர்
24.06.2009

என் ராத்தா,

ஸலாம் சொல்லித் தொடங்குகிறேன். இந்த ஸலாம் உங்கள் காதில் விழ வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு துஆ இல்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில். எலிகளைக் கொன்றுவிடுவோம். எல்லாவற்றையும். படம் எடுத்த அன்றே. வெளிச்சம் சொன்னது உண்மையா என்று வெட்டித்தான் பார்க்க வேண்டும். துகள்களுக்கு உள்ளே இருப்பது ஒரு நச்சு உலோகம். அது ஈரலில் போய்த் தங்கிவிடுகிறது, வெளியே வருவதில்லை. அதனால் எந்த மனிதருக்கும் இதுவரை ஏற்றவில்லை. என் காலத்தில் ஏற்றுவார்களா என்பதும் தெரியாது. வாப்பா சிரித்தார் என்று எழுதினீர்களே, அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நேற்றும் ஒரு எலியின் கக்கம் கமராவில் எரிந்தது. பார்க்க முடியவில்லை. அணைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

லீவு கிடைத்துவிட்டது. ஜூலை பன்னிரண்டாம் திகதி வருகிறேன். அதுவரை இருங்கள் ராத்தா. இருங்கள்.

ஸைனு


சாய்ந்தமருது
07.07.2009

அன்பு மாமாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

ஃபோனில் நீங்கள் அழுததில் என்னால் எதையும் விவரமாகச் சொல்ல முடியவில்லை. நீங்கள் பன்னிரண்டாம் திகதி வந்துவிடுவீர்கள், இந்தக் கடிதம் நீங்கள் புறப்பட்ட பிறகுதான் அங்கே போய்ச் சேரும், திரும்பிப் போய் வாசியுங்கள். நேரில் என்னால் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை விடிய ஸுபஹுக்குப் பாங்கு சொன்ன நேரம் உம்மா மௌத்தானார். ஜும்ஆவுக்குப் பிறகு அடக்கினார்கள். உங்கள் கடைசிக் கடிதம் நேற்றுத்தான் வந்தது. மூத்தவாப்பா கதிரையில் இருந்துகொண்டு, "வாசி புள்ள" என்றார். முதல் தடவையாக நான் கடிதத்தில் இல்லாததை வாசித்தேன். எலிகள் எல்லாம் சுகமாம், மாமா அவற்றை வெளியில் விட்டுவிட்டாராம் என்று வாசித்தேன். அவர் இன்னொருக்கா வாசிக்கச் சொல்லவில்லை.

உம்மாவைக் குளிப்பாட்டியது பரீனா மாமியும் இன்னும் இரண்டு பேரும். எனக்கும் தண்ணீர் ஊற்ற இடம் தந்தார்கள். துணியால் மூடியபடியேதான் கழுவினார்கள். அந்தப் பக்கம் வந்ததும் பரீனா மாமியின் கை அப்படியே நின்றுவிட்டது. எண்ணெய் பூசியவர் அவர்தானே. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கழுவினார், குழந்தையைக் கழுவுவது போல. எல்லாம் முடிந்து கபன் உடுத்திய பிறகு என்னைப் பக்கத்தில் அழைத்து, "மையத்துல கண்டத வெளிய கதைக்கப்படாது புள்ள. ஆரு கேட்டாலும் சொல்லப்படாது" என்றார். ஓம் என்றேன்.

அதனால் மாமா, நீங்கள் வந்து கேட்டாலும் நான் சொல்ல மாட்டேன். நீங்கள் அதைத் தினமும் பார்த்தவர்தானே.

உம்மாவின் நீலச் சாரியின் தலைப்பில் அந்தக் கைலேஞ்சி முடிந்திருந்தது. பாற்சோறு காய்ந்து கல்லாக இருந்தது. காகத்துக்குப் போட்டேன்.

மையவாடியில், கடற்கரைப் பக்கத்து மதிலோடு சேர்ந்த இடத்தில் உம்மாவை அடக்கியிருக்கிறார்கள். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீஸான் கட்டை நட்டிருக்கிறதாம். என் வாப்பா எங்கே என்று நமக்குத் தெரியாது. உம்மா எங்கே என்று தெரியும். இங்கே பெண்பிள்ளைகள் உள்ளே போவதில்லை. நீங்கள் வந்தால் நான் மதிலுக்கு வெளியே நின்று விரலால் காட்டித் தருகிறேன்.

மருமகள்
றஸ்னா